பாலைவனத்தில் பறந்த பச்சை விமானம்

தம்மம்பட்டியில் குடியிருப்பவர்களுக்குக் காலையில் சேவல் கூவ வேண்டிய அவசியமே இல்லை. உளியின் தலையில் கொட்டாப்புளி விழுகிற ஓசை நம்மை எழுப்பி விடும். ஒரு பக்கம் கொல்லிமலை, மற்றொரு பக்கம் பச்சைமலை, இடையே சுவேத நதி. இந்த இடத்தில் உட்கார்ந்து கொண்டு நம் ஊர்ச் சிற்பிகள் வாகை மரத்தில் பிள்ளையாரையும் யாளியையும் வாகனங்களையும் தலைமுறை தலைமுறையாகச் செதுக்கி வருகிறார்கள். நேயர்கள் வீட்டுக் கூடத்திலும் அவற்றில் ஒன்று இருக்கக் கூடும்.

சென்ற தை மாதத்தில் நமக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் புதிய வாகனம் ஒன்று தயாராயிற்று. அது ரிஷப வாகனமும் அன்று. கருட வாகனமும் அன்று. ஹண்டர் என்னும் ஜெட் போர் விமானம்!

விமானம் செய்யச் சொன்னவர் நமது நண்பரான ஒரு பெரியவர். வயது எழுபத்தேழு. வாலிபத்தில் நமது விமானப் படையில் சேர்ந்து, விமானத்தின் உடலைப் பழுது பார்த்துப் பறப்பதற்குத் தயார் செய்யும் தரைப் பணியில் இருந்தவர். 1971-ஆம் வருஷத்து யுத்தத்தின் போது அவர் ராஜஸ்தான் பாலைவனத்தில் ஜெய்சல்மேரில் இருந்தார். அந்த நாட்களைப் பற்றி அவர் அதிகமாகப் பேசுவதில்லை. பேசினால் ஒரு விமானத்தைப் பற்றித்தான் பேசுவார். அதை அவர் "என் ஹண்டர்" என்பார். அதில் அவர் ஒரு நாளும் பறந்ததில்லை. துடைத்ததும், முடுக்கியதும், வர்ணம் பூசியதும் தான்.

"கண் மங்கிக் கொண்டு வருகிறது. அதற்குள் என் ஹண்டரை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்றார்.

சிற்பி சற்றும் திகைக்கவில்லை. "ஐயா, அளவைச் சொல்லுங்கள். யானைக்கு அளவு உண்டு, குதிரைக்கு அளவு உண்டு. விமானத்துக்கு இல்லாமலா போகும்?" என்றார். அளவு கிடைத்தது. ஹண்டரின் நீளம் ஏறக்குறைய 46 அடி. சிறகின் அகலம் 33 அடி 8 அங்குலம். ஓர் அடிக்கு அரை அங்குலம் வீதம் கணக்கிட்டால் உடல் 23 அங்குலம், சிறகு 17 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. நல்ல வாகைப் பலகை ஒன்றை எடுத்து வைத்தார்கள். வெற்றி பெற்றவனை வாகை சூடினான் என்று சொல்வது நம் தமிழ் மரபு. போர் விமானத்துக்கு வாகையைக் காட்டிலும் பொருத்தமான மரம் வேறு எது?

இரண்டு வாரத்தில் விமானம் உருவாகி, உப்புத்தாள் தேய்த்து, பிரைமரும் பூசி நின்றது. தகராறு அதற்குப் பிறகு ஆரம்பமாயிற்று. என்ன வர்ணம் பூசுவது?

பெரியவரின் பேரன் எட்டாவது படிக்கிறான். அவன் கையில் கைப்பேசியும், கைப்பேசியில் நூறு படங்களும் இருந்தன. "தாத்தா, பாலைவனத்தில் பறந்த விமானம் மணல் நிறத்தில் தானே இருக்கும்? இதோ பாருங்கள்" என்று மண்ணும் மஞ்சளுமாக ஒரு ஜெட் விமானத்தைக் காட்டினான். சிற்பிக்கும் அது நியாயமாகவே பட்டது. நமக்கும் அப்படித்தான் தோன்றியது என்பதை ஒப்புக் கொள்கிறோம்.

பெரியவர் தலையை அசைத்தார். "பச்சையும் சாம்பலும்" என்றார்.

"மணலுக்கு மேலே பச்சையா?"

"ஆமாம், மணலுக்கு மேலே பச்சைதான்."

விசாரித்துப் பார்த்ததில் பெரியவர் சொன்னதே சரி என்று தெரிய வந்தது. ஹண்டர் விமானங்கள் 1957-ஆம் வருஷத்திலிருந்து இங்கிலாந்திலிருந்து நமக்கு வந்தவை. அந்த நாட்டு விமானப் படையின் வழக்கப்படி மேற்புறத்தில் கரும்பச்சையும் கருங்கடற்சாம்பலும் வளைந்து வளைந்து பூசி, அடிப்புறத்தில் வெள்ளி நிறம் அடித்து அனுப்பினார்கள். ஐரோப்பாவின் வயல்களுக்கும் மேகங்களுக்கும் ஏற்பட்ட வேஷம் அது. ஆனால் நமது தேசத்தில் ஹண்டருக்கு ஒரே இடத்தில் வேலை இல்லை. அதே யுத்தத்தில் கிழக்கே வங்காளத்து நெல் வயல்களுக்கு மேலேயும் ஹண்டர்கள் பறந்தன. மேற்கே தார்ப் பாலைவனத்துக்கு மேலேயும் பறந்தன. இடத்துக்கு ஒரு சட்டை மாற்றிக் கொண்டிருக்க அவகாசம் ஏது? பச்சைச் சட்டையுடனேயே பாலைவனத்துக்குப் போயின.

போய் என்ன செய்தன என்பது சரித்திரம். 1971 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு, லோங்கேவாலா என்னும் எல்லைக் காவல் நிலையை நோக்கிப் பாகிஸ்தானின் டாங்கிகள் மணலில் ஊர்ந்து வந்தன. நிலையைக் காத்தவர்கள் மேஜர் குல்தீப் சிங் சாந்த்புரியின் தலைமையில் சுமார் 120 பேர். ஹண்டர்களில் இருட்டில் பார்த்துத் தாக்கும் சாதனம் கிடையாது. ஆகவே இரவு முழுவதும் அந்தச் சிறு படை தனியே தாக்குப் பிடிக்க வேண்டியிருந்தது. பொழுது புலர்ந்ததும் ஜெய்சல்மேரிலிருந்து ஹண்டர்கள் கிளம்பின. அன்றும் மறு நாளும் அவை தாக்கியதில் பல டாங்கிகள் பாழாயின.

ஆகாயத்திலிருந்து அன்று எடுத்த புகைப்படங்களில் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். டாங்கி சிறு புள்ளியாகத்தான் தெரிகிறது. ஆனால் அது தப்புவதற்காகச் சுற்றிச் சுற்றி ஓடிய சுவடு, குழந்தை சிலேட்டில் கிறுக்கினாற் போல், மணல் முழுவதும் வளையம் வளையமாகப் படிந்திருக்கிறது. காலை வெயிலில் டாங்கியின் நிழல் வேறு நீண்டு கிடக்கும். உடம்புக்கு எந்த வர்ணம் பூசினால் என்ன? சுவடும் நிழலும் காட்டிக் கொடுத்து விடுகின்றன. மறைவதற்கான வர்ண சாஸ்திரத்தில் முதற் பாடம் இது.

பெரியவர் அந்தப் படத்தைப் பேரனின் கைப்பேசியில் வெகு நேரம் கண்ணருகே வைத்துப் பார்த்தார். "இந்த வளையத்துக்கு உள்ளேயும் மனிதர்கள் இருந்தார்கள், தம்பி" என்று மட்டும் சொன்னார்.

அப்படியானால் மணல் நிற விமானம் என்பது கட்டுக் கதையா என்று நேயர்கள் கேட்கலாம். இல்லை. இரண்டாம் உலக யுத்தத்தில் வட ஆப்பிரிக்காவில் பறந்த பிரிட்டிஷ் விமானங்களுக்கு மேலே மண் நிறமும், கல் மஞ்சளும், அடியில் ஆகாய நீலமும் பூசினார்கள். 1991-ஆம் வருஷத்து வளைகுடா யுத்தத்திற்குப் போன பிரிட்டிஷ் ஜாகுவார், டொர்னேடோ ஜெட் விமானங்களுக்கு ரோஜாச் சாயல் கலந்த மணல் நிறம் பூசினார்கள். போர் விமானத்துக்கு ரோஜா நிறமா என்று சிரிக்கத் தோன்றும். பாலைவனத்தில் விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் புழுதியின் ஊடே வெளிச்சம் வருவதைப் பார்த்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். அந்த வர்ணம் தற்காலிகமானது. வேலை முடிந்ததும் கழுவி எடுத்து விடக் கூடியது. பறக்கப் பறக்க அது தேய்ந்து, அடியிலிருந்த பழைய நிறம் திட்டுத் திட்டாக வெளியே தெரிய ஆரம்பித்தது. நமது படையிலும் 1971-ல் வெள்ளைத் தகடாகப் பளபளத்த மிக்-21 விமானங்களுக்கு அவசரம் அவசரமாக வேஷம் போட்டார்கள். படைப் பிரிவுக்கு ஒரு மாதிரி அமைந்தது.

பேரன் காட்டிய மணல் நிற விமானம் வேறு ஒரு தேசத்தினுடையது. வேறு ஒரு யுத்தத்தினுடையது. அதைத் தாத்தாவின் ஹண்டருக்குப் பூசினால், ராமருக்கு மயிற்பீலி வைத்தது போல் ஆகிவிடும்.

சரி, பச்சையும் சாம்பலும் என்று முடிவாயிற்று. எந்தப் பச்சை? எந்தச் சாம்பல்? வாழை இலையும் பச்சை, வேப்பிலையும் பச்சை, கிளியும் பச்சை. விபூதியும் சாம்பல், மழை மேகமும் சாம்பல். ஒருவர் மனத்திலுள்ள நிறத்தை வாய்ச் சொல்லினால் மற்றொருவர் மனத்துக்குக் கொண்டு போவது சாத்தியமில்லை. இதற்காகத்தான் தேசங்கள் நிறங்களுக்கு எண் கொடுத்து அட்டவணை போட்டு வைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் அட்டவணையில் ஹண்டரின் கரும்பச்சைக்கு எண் 641. கருங்கடற்சாம்பலுக்கு எண் 638. அமெரிக்கர்களும் ஜெர்மானியர்களும் தத்தமக்கென்று அட்டவணை வைத்துக் கொண்டார்கள்.

நமக்கும் சொந்தமாக ஓர் அட்டவணை உண்டு. இந்தியத் தர நிர்ணய ஸ்தாபனம் சுதந்திரம் வந்த 1947-ஆம் வருஷத்திலேயே ஏற்பட்டது. பெயிண்டு நிறங்களுக்கான அதன் ஏடு ஐந்தாம் எண் கொண்டது. முதலாம் எண் எதற்கு என்று நினைக்கிறீர்கள்? நமது தேசியக் கொடிக்கு! 1951-ல் வெளியான அந்த ஏட்டில் காவி எது, பச்சை எது, சக்கரத்தின் நீலம் எது என்பதை வார்த்தையால் அல்ல, ஒளியை அளக்கும் எண்களால் நிர்ணயம் செய்தார்கள். கொடியின் நிறம் ஊருக்கு ஊர் மாறக் கூடாது என்பது அவர்களுடைய கவலை. புதிதாகப் பிறந்த ஒரு தேசம் முதலில் கவலைப்பட்ட விஷயங்களுள் நிறப் பொருத்தமும் ஒன்று என்பதை எண்ணும் போது, ஒரு மர விமானத்துக்காக நாம் பட்ட பாடு அப்படியொன்றும் அற்பமாகத் தோன்றவில்லை. அதே காவியும் வெள்ளையும் பச்சையும் தான் நமது விமானப் படையின் வட்டச் சின்னத்தில் இருப்பவை. வெளி வளையம் காவி, நடுவே பச்சை.

எண் கிடைத்து விட்டால் நிறம் கிடைத்து விடுமா? பெயிண்டுக் கடையில் அந்த எண்களுக்கு நேரான டப்பா கிடையாது. கலந்து தான் எடுக்க வேண்டும். சிற்பி இதில் நமக்கு ஒரு வித்தை கற்பித்தார். கறுப்பு எனாமலில் மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்கினார். ஒரு சொட்டுப் பச்சை கூட இல்லாமல் இலைப் பச்சையின் நிழல் போல ஒரு கரும்பச்சை எழுந்தது! அதில் கொஞ்சம் பச்சையையும் சேர்த்துச் சரிக்கட்டினார். வெள்ளையும் கறுப்பும் கலந்து துளி நீலம் விட்டதில் கடற்சாம்பல் வந்தது. தீப்பெட்டி அகலத்தில் ஏழு மரத் துண்டுகளில் ஏழு கலவைகளைத் தடவி உலர வைத்தோம். இரவில் டியூப் லைட் வெளிச்சத்தில் அட்டவணைக்குச் சரியாக இருந்த துண்டு, காலை வெயிலில் சரியாக இல்லை. புடவைக் கடையில் ஒரு நிறமாக வாங்கி வீட்டில் வேறு நிறமாகப் பிரித்த அனுபவம் நமது நேயர்களுக்கு உண்டல்லவா? அதே கதை தான். ஆகவே வாசலில், பகல் வெளிச்சத்தில், நிழலில் வைத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு செய்து கொண்டோம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நமது விமானம் அசலில் இருபத்து நாலில் ஒரு பங்கு. மூன்றடி தூரத்தில் நின்று அதைப் பார்ப்பது, அசல் விமானத்தை 72 அடி தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமானம். தூரத்துப் பொருளின் நிறம் நடுவிலுள்ள காற்றினாலும் வெளிச்சத்தினாலும் சற்று வெளிறித் தெரியும். கொல்லிமலையில் மரமெல்லாம் பச்சையாக இருக்க, நம் ஊரிலிருந்து பார்த்தால் மலை நீலமாகத் தெரியவில்லையா? அது போல, அசல் வர்ணத்தையே சிறிய உருவத்தில் பூசினால் கன்னங்கரேல் என்று இருக்கும். சிறிது வெள்ளை கூட்ட வேண்டும். எவ்வளவு கூட்டுவது என்பதற்கு அட்டவணை இல்லை. கண் தான் சாட்சி.

ஆறாவது துண்டு அட்டவணைக்கு ஒத்து வந்தது. பேரன் நூறு தடவை ஒப்பிட்டுப் பார்த்துத் திருப்தி அடைந்தான். சிற்பியும் தலையாட்டினார். துண்டைக் கொண்டு போய்ப் பெரியவர் கையில் கொடுத்தோம்.

அவர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பச்சை பரவாயில்லை. ஆனால் நான் சாம்பல் கேட்டேன். இது பழுப்பு அல்லவா?" என்றார்.

ஒருவரும் பேசவில்லை. பேரன் மாத்திரம், "இல்லை, தாத்தா. 638. சரியாக இருக்கிறது" என்றான்.

"எண்ணைப் பற்றி நீ எனக்குச் சொல்ல வேண்டாம். அந்தச் சிறகில் நான் என் கையால் பூசியிருக்கிறேன். கடல் மாதிரி இருக்கும். நீலம் ஓடும். இதில் நீலம் எங்கே இருக்கிறது?"

நீலம் அதில் இருக்கத்தான் இருந்தது. நமது கண்ணுக்குத் தெரிந்தது. அவர் நம் முகத்தைப் பார்த்து அதைப் புரிந்து கொண்டு விட்டார். அவர் முகம் வாடியது. துண்டைக் கீழே வைத்தார். சற்று நேரம் கழித்து, "ஒரு வேளை நான் தான் மறந்து விட்டேனோ என்னவோ. ஐம்பது வருஷமாய் நான் சொல்லிக் கொண்டிருப்பதில் இன்னும் எதெல்லாம் தப்போ?" என்றார். அதைக் கேட்ட போது, இந்த விமானத்தை ஆரம்பித்தே இருக்க வேண்டாம் என்று நமக்குத் தோன்றியது. மனிதனுக்கு வயதான காலத்தில் மிச்சமிருக்கும் சொத்து ஞாபகம் ஒன்று தான். அதையும் ஒரு மரத் துண்டு பறித்துக் கொண்டு போவதா?

வழி காட்டியது அவருடைய மருமகள். "மாமா ஒரு வருஷமாகவே வெள்ளை வேஷ்டியைக் கொடுத்தால் மங்கலாயிருக்கிறது, சரியாகத் துவைக்கவில்லை என்கிறார். நானும் நீலம் போட்டுப் போட்டு அலுத்துப் போனேன்" என்று அவர் சொன்னதும் விஷயம் விளங்கியது. குற்றம் வேஷ்டியிலும் இல்லை, வர்ணத்திலும் இல்லை, ஞாபகத்திலும் இல்லை. கண்புரை!

கண்ணுக்குள்ளே பளிங்கு போன்ற ஒரு வில்லை இருக்கிறது. வயதாக ஆக அது மஞ்சளாகிப் பழுப்பாகிறது. நீல ஒளியை அது உள்ளே விடாமல் தடுத்துக் கொள்கிறது. வெள்ளை மங்குகிறது; நீலச் சாம்பல் பழுப்பாகிறது. மாற்றம் நாள்தோறும் அணு அணுவாக நடப்பதால் அவருக்கே தெரிவதில்லை. உலகம் தான் அழுக்காகி விட்டது என்று நினைத்துக் கொள்கிறார். பிரெஞ்சு தேசத்துப் பிரபல சித்திரக்காரர் மோனேவுக்கும் இதே கதி நேர்ந்தது. கண்புரை முற்றிய காலத்தில் அவர் தீட்டிய தோட்டங்கள் செம்பழுப்பாக இருக்கின்றன. 1923-ல் ஒரு கண்ணுக்குச் சிகிச்சை செய்து கொண்ட பிறகு அவர் நீலத்தை மறுபடியும் கண்டார்.

பெரியவர் ஆஸ்பத்திரி என்றால் இலேசில் சம்மதிக்கிறவர் அல்லர். "எதற்கு? தடுக்கி விழாமல் நடக்கிறேன், போதும்" என்பார். இந்தத் தடவை அவர் தர்க்கம் செய்யவில்லை. "அந்தத் துண்டை மட்டும் பத்திரமாக வைத்திருங்கள்" என்று சொல்லி விட்டுப் புறப்பட்டார். இந்தக் காலத்தில் அந்தச் சிகிச்சை சொற்ப நேர வேலை. பழைய வில்லையை எடுத்து விட்டுத் தெளிவான செயற்கை வில்லையை வைத்து விடுகிறார்கள். முதலில் வலது கண்ணுக்கு மட்டும் செய்தார்கள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை அவர் பட்டறைக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி விட்டு ஆறாவது துண்டை எடுத்தார். வலது கண்ணை மூடிக் கொண்டு இடது கண்ணால் பார்த்தார். "பழுப்பு" என்றார். பிறகு இடது கண்ணை மூடிக் கொண்டு வலது கண்ணால் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடியும் இப்படி, மறுபடியும் அப்படி. பேரன் பொறுமையிழந்து, "சொல்லுங்களேன், தாத்தா!" என்றான்.

"இது தான்" என்றார் பெரியவர். அவர் குரல் சரியாக இல்லை. "இது தான். நான் மறக்கவில்லை."

அப்புறம் வேலை சுறுசுறுப்பாக நடந்தது. சிறிது வெள்ளை கூட்டி, பச்சையும் சாம்பலும் வளைத்து வளைத்துப் பூசி, வட்டச் சின்னத்தில் காவியைப் பேரனே தீட்டினான். சிற்பி ஆரஞ்சு நிறத்தை எடுத்த போது, "அது கொடியின் காவி இல்லை" என்று அவன் கண்டிப்பாகத் தடுத்து விட்டான். உலர்ந்த பின் விமானம் மினுமினுவென்று தேரில் ஏறத் தயாரான உற்சவ மூர்த்தியைப் போல நின்றது. சிற்பி பெருமையுடன் பெரியவரைப் பார்த்தார்.

"பேஷ்! ஆனால் இவ்வளவு புதிதாக அது என்றைக்கும் இருந்ததில்லையே!" என்றார் பெரியவர். பாலைவனத்துக் காற்றில் மணல் எழும்பிச் சிறகின் முன் விளிம்பை நாள்தோறும் தேய்க்குமாம். வர்ணம் போய்த் தகடு தெரியுமாம். அவர் உப்புத்தாளைக் கையில் வாங்கிக் கொண்டார். மூன்று வாரப் பிரயாசையில் பூசிய வர்ணத்தை அவர் சிறகின் ஓரத்தில் மெதுவாகத் தேய்த்து எடுக்க, சிற்பி பல்லைக் கடித்துக் கொண்டு வேறு பக்கம் திரும்பிக் கொண்டார். தேய்த்த இடத்தில் தகட்டுக்குப் பதில் வாகை மரம் தெரிந்தது. "இருக்கட்டும்" என்றார் பெரியவர்.

விமானம் இப்போது அவர் வீட்டுக் கூடத்தில், மருமகளின் தையல் மிஷினுக்கு மேலே இருக்கிறது. இடது கண்ணுக்கு அடுத்த மாதம் சிகிச்சை. நேயர்களுக்கு நாம் சொல்ல விரும்புவது ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டுப் பெரியவர் வெள்ளை வேஷ்டியை அழுக்கு என்று சொன்னால், சண்டை போடாதீர்கள். மேலும் மேலும் நீலமும் போடாதீர்கள். ஒரு நல்ல கண் வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். அவர் சொல்வது அவருக்குத் தெரிகிற உண்மை. அவருடைய ஞாபகத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால், நடுவில் படிந்திருக்கும் புரையை ஒரு தடவை சந்தேகித்துப் பார்ப்பது நல்லது.